அட்டைப்படத்தைத் திருப்பி அனுப்புகிறேன்

தணிகைவேலன், உங்கள் கோடு நன்றாக இருக்கிறது.
முதலில் குரங்கு. பிறகு கூன் விழுந்த ஒன்று.
அடுத்து ஈட்டி பிடித்தவன்.
கடைசியில் நிமிர்ந்து நடக்கும் ஆண்,
கையில் செல்போன்.
சிரித்தேன். ஆனாலும் வேண்டாம்.

இருபத்திரண்டு வருஷம் உடற்கூறு மேசையருகே நின்றவள் நான்.
கைக்கடிகாரப் பட்டை வரை ஃபார்மலின் ஏறியிருக்கிறது.
திறந்து பார்த்த எந்த முதுகிலும்
‘வேலை முடிந்தது’ என்று யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.
நழுவிய தட்டு, தேய்ந்த முள்ளெலும்பு,
நாலு காலுக்குத் தைத்ததை
இரண்டு காலுக்குப் பிடித்துக் கொடுத்த
எம்.சி. ரோட்டு ஆல்டரேஷன்.

ஏழாம் அத்தியாயத்தை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள்,
பதிப்பகம் அவ்வளவு நேரம் தராது.
அது குரல்வளைக்குப் போகும் நரம்பைப் பற்றியது.
மண்டையிலிருந்து குரல்வளை ஒரு சாண்கூட இல்லை.
இடப்பக்க நரம்பு மட்டும்
கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி
பெருந்தமனியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு
மறுபடி மேலே ஏறும்.
மீனுக்குள் அது செவுளுக்கு நேர்வழி.
பிறகு கழுத்து நீண்டது, இதயம் கீழே போனது,
நரம்பை அறுத்துப் புதிதாகப் போட ஆளில்லை.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
ஷேர் ஆட்டோ எங்கெங்கோ சுற்றித்
தண்டையார்பேட்டை சேர்வதைப் போல, என்று எழுதியிருந்தேன்.
வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று
எடிட்டர் அடித்துவிட்டார்.
திரும்பவும் எழுதினேன்,
இந்த முறை ஆட்டோ போன தெருக்களையும் சேர்த்து.

ஞாயிறு விடியலில் காசிமேட்டில்
ஒரு வஞ்சிரத் தலை வாங்கினேன். குழம்புக்கு இல்லை.
வெட்டிக் கொடுத்தவர் பெயர் சிங்காரவல்லி.
தாடை மூட்டைத் தொட்டுக் காட்டி,
“இந்த எலும்போட வாரிசுதான் நம்ம காதுக்குள்ள இருக்கு,
நீங்க பேசுறது அதாலதான் எனக்குக் கேக்குது” என்றேன்.
கத்தி நிற்கவில்லை.
“எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணும் கேக்குறதில்லயே,
அவரு கருவாடு போல.”

பிறகு கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேர்த்து
மணிக்கட்டை மடக்கச் சொன்னேன்.
வலக்கையில் ஒரு நாண் கம்பியாக எழுந்தது.
இடக்கையில் ஒன்றுமில்லை.
சிலருக்கு இருக்காது, இல்லாததால் குறையும் இல்லை,
மரத்தில் தொங்கிய நாளின் மிச்சமாக இருக்கலாம் என்றேன்.
செதில் ஒட்டிய இரண்டு கைகளையும்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“அப்ப இது பழைய கை, இது புதுக் கையா?
ரெண்டுக்கும் ஒரே கூலிதானே குடுக்குறாங்க.”

அந்த வாக்கியம் இல்லாத ஒரு புத்தகத்தை
ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீடு திரும்பும்போது கேட் மூடிவிட்டது.
எண்ணெய் டேங்கர்கள். எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டேன்.
ஐஸ் சொட்டும் மீன்பாடி வண்டி பக்கத்தில் நின்றது.
டியூஷனுக்குப் போகும் மூன்று பெண்கள்,
சுவரொட்டியில் ஒரு வேட்பாளரின் காதைத் தின்னும் ஆடு,
கேபின் சுவரில் அசையாத பல்லி.
ஸ்கூட்டர்காரர் ஒருவர் முன்சக்கரத்தைத்
தடுப்புக்கு அடியில் நுழைத்து வைத்திருந்தார்.
அவரும் எங்களோடுதான் நின்றார்.

எல்லோருக்கும் ஒரே வயது, தணிகைவேலன்.
முந்நூற்றெழுபது கோடி வருஷம், கொஞ்சம் முன்னே பின்னே.
ஆட்டுக்கு, பல்லிக்கு, எனக்கு,
என் பையிலிருந்த வஞ்சிரத்துக்கும்தான்,
அது நேற்று ராத்திரியோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டது.

அதை வரையுங்கள். வரிசை வேண்டாம்.
கேட் மூடியே இருக்கட்டும்.
முகங்கள் எந்தப் பக்கமும் திரும்பியிருக்கலாம்.
மனிதர் யாராவது கட்டாயம் வேண்டும் என்றால்
கொட்டாவி விடும் ஒருவரை ஓரமாக வையுங்கள்,
ஆட்டுக்குப் பின்னால், பாதி மறைந்து.

விக்கல் எடுக்கிறது.
அது பதினொன்றாம் அத்தியாயம்,
தலைப்பிரட்டைகளிடம் தொடங்குகிறது.
தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

மரகதமேரி